பார்வையாளர் நாற்காலியை எங்கே போடுவது?

கேள்வி இது: “எங்கள் குழுவின் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் பார்வையாளராக வரலாம் என்று அறிவித்திருக்கிறோம். வருகிறவர்கள் குறைவு. வந்தவர்களும் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள், மறுபடி வருவதில்லை. உறுப்பினர்கள் சுமார் இருபது பேர், பார்வையாளர்கள் முப்பது பேர் வரை வரக்கூடும். அறையில் எதை மாற்றினால் அவர்களுக்கு வசதியாக இருக்கும்?”

பெரும்பாலான அறைகளில் பார்வையாளருக்கென்று யாரும் இடம் ஒதுக்குவதில்லை. மிச்சம் விழும் இடம்தான் அவர்களுக்கு. மேசைகளை நடுவில் போட்டு, உறுப்பினர்களைச் சுற்றிலும் உட்காரவைத்து, அவர்கள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு தேறுகிறதோ அதில் நாற்காலிகளை ஒட்டிவைப்பார்கள். அங்கே உட்கார்ந்தவர் பார்ப்பதெல்லாம் பிடரிகள். காதில் விழுவது பாதி. நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் நான்கு பேரை நகரச் சொல்ல வேண்டும். அப்புறம் வாசலில் எவ்வளவு அன்பாக வரவேற்றாலும் பயனில்லை. ஆகவே அறைக்கு வரைபடம் போடும்போது பார்வையாளர் பகுதியை முதலில் வரையுங்கள், மேசைகளை அதற்கப்புறம். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

வாசலில் ஆரம்பிக்கலாம். தலைவர் உட்காரும் பக்கமாகக் கதவு இருந்தால் தாமதமாக வருகிறவர் அத்தனை பேர் கண்ணிலும் பட்டுத்தான் உள்ளே வர முடியும். பலர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள். வாசலிலிருந்து எந்தச் சுவர் தூரமோ அங்கே தலைவர் இருக்கையைப் போடுங்கள், வாசலை ஒட்டிப் பார்வையாளர் வரிசைகள் வரட்டும். ஸ்கிரீன் கதவுப் பக்கச் சுவரில் பதித்திருக்கிறது, அதனால் அறையைத் திருப்ப முடியாது என்பார்கள். ஒரு ஸ்டாண்டு ஸ்கிரீன் வாங்குவது பெரிய காரியமில்லை. கூட்டம் நடக்கும்போது கதவு மூடியிருக்கும் என்றால், “கூட்டம் நடக்கிறது. பார்வையாளர்கள் உள்ளே வரலாம். கதவைத் தட்ட வேண்டாம்” என்று வெளியே ஒட்டுங்கள். மூடிய கதவைத் திறக்கத் துணிச்சல் தேவைப்படும் என்பது உள்ளே இருக்கிறவர்களுக்கு எப்போதும் மறந்துபோகும் விஷயம். கதவுக்கு மிக அருகில் உள்ள நாலைந்து நாற்காலிகளில் “தாமதமாக வருபவர்களுக்கு” என்று ஒரு தாள் வையுங்கள். இல்லாவிட்டால் முதலில் வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். பின்னால் வருகிறவர் காலி இடம் தேடி முன்வரிசை வரை நடக்க வேண்டியிருக்கும்.

வாசலில் ஒரு பதிவேட்டை வைத்து, பெயர் எழுதினால்தான் உள்ளே விடுவோம் என்கிற பழக்கம் உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கலிபோர்னியாவில் உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்களுக்கான பிரவுன் சட்டம் (1953) இதைத் தெளிவாகவே சொல்கிறது: பெயர் பதிவது கூட்டத்துக்கு வருவதற்கான நிபந்தனையாக இருக்கக் கூடாது. பதிவேடு வேண்டுமென்றால் உள்ளே ஓரமாக ஒரு மேசையில், விரும்பினால் எழுதலாம் என்று வையுங்கள்.

அடுத்து மேசை அமைப்பு. வட்டமாகவோ சதுரமாகவோ மூடிய அமைப்பு உறுப்பினர்களுக்கு மிக நன்றாக இருக்கும், பார்வையாளருக்கு அதைவிட மோசமான ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கால்வாசிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இருக்கை அமைப்புகளை மனிதர்களை ஒன்றுசேர்ப்பவை, விலக்குபவை என்று 1957இல் பிரித்துப் பேசியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். கனடாவில் அவருடன் பணியாற்றிய ராபர்ட் சோமர், முதியோர் வார்டில் சுவரோரம் வரிசையாகக் கிடந்த நாற்காலிகளைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போடச் செய்தார். நோயாளிகளுக்குள் பேச்சு கணிசமாகக் கூடியது. உங்கள் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பது அந்தச் சுவரோர நாற்காலிகளில்தான். ஒரே அறையில் உறுப்பினர்களுக்குச் சேர்க்கும் அமைப்பு, பார்வையாளர்களுக்கு விலக்கும் அமைப்பு.

இதற்கு வழி ப வடிவம். அதிலும் ப-வின் திறந்த வாய் பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். மேசையை ப வடிவில் போட்டுவிட்டு, பார்வையாளர்களைப் பக்கவாட்டுக் கைகளின் பின்னால் உட்காரவைத்திருக்கும் அறைகள் ஏராளம். அப்படிச் செய்தால் மூடிய சதுரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் குதிரைலாட மேசையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சுவரோவியத்துக்கு முன்னால் வளைவு, எதிரே மாடத்தில் பார்வையாளர்கள். அந்த அறையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இடைநிலை இருக்கைகள். சபையில் உறுப்பினராக இல்லாத நாடுகளை விவாதத்துக்கு அழைக்கும்போது, சபையின் பக்கவாட்டில் அவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் அமருமாறு தலைவர் சொல்வார். பேசும் முறை வந்ததும் மேசைக்கு வருவார்கள். அதாவது மேசை, பக்கவாட்டு, மாடம் என்று மூன்று நிலைகள் அங்கே உண்டு. உங்கள் குழுவிலும் இப்படி இடைப்பட்டவர்கள் இருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்துக்காக அழைக்கப்பட்ட வல்லுநர், அடுத்த ஆண்டு உறுப்பினராக யோசித்துக்கொண்டிருப்பவர் மாதிரியானவர்கள். அவர்களைப் பார்வையாளர்களோடு கலந்து உட்காரவைத்தால் யாரிடம் பேசலாம், யார் பேசக் கூடாது என்று அறைக்கே குழப்பம் வரும். ப-வின் கை முடியும் இடத்தில் இரண்டு மூன்று நாற்காலிகளைத் தனியாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இருபது பேருக்கு அளவு சொல்கிறேன். அடிப்பக்கத்தில் ஆறு பேர், இரண்டு கைகளிலும் ஏழேழு பேர். ஒருவருக்கு 75 சென்டிமீட்டர் என்றால் கை ஒவ்வொன்றும் ஐந்தேகால் மீட்டர் நீளம் வரும். கைகளை நேராகப் போடாமல், வாய்ப்பக்கம் அகலும்படி கொஞ்சம் விரித்துப் போடுங்கள். கைகளில் உட்கார்ந்தவர்கள் அப்போதுதான் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசும்போதே பாதி முகத்தையாவது பார்வையாளர் பக்கம் காட்டுவார்கள். பார்வையாளர் பகுதி இந்த வாயின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அகலத்தில் நீட்டினால் ஓரத்தில் இருப்பவர்கள் மறுபடி முதுகுதான் பார்ப்பார்கள். முப்பது பேருக்கு நடுவில் 1.2 மீட்டர் நடைபாதை விட்டு, பக்கத்துக்கு ஐந்து நாற்காலி வீதம் மூன்று வரிசை போதும். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் 90 சென்டிமீட்டர். இரண்டாம் வரிசையை அரை நாற்காலி தள்ளிப் போட்டால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. காசு செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

முதல் வரிசைக்கும் மேசைக்கும் எவ்வளவு தூரம்? மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் தூரங்களை ஆராய்ந்த எட்வர்ட் ஹால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரை சமூக உரையாடலுக்கான தூரம் என்றும், அதைத் தாண்டினால் மேடையும் சபையுமான தூரம் என்றும் வகுத்தார். அவர் அளந்தது அமெரிக்கர்களை. ஊருக்கு ஊர் இது மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தக் காரியத்துக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் உறுப்பினரின் லேப்டாப்பில் இருப்பதைப் பின்னாலிருந்து படிக்க முடியும், அவர் நெளிவார். நான்கு மீட்டர் தள்ளிவிட்டால் பார்வையாளர் டிவி பார்ப்பவரைப் போல ஆகிவிடுவார். இரண்டிலிருந்து மூன்று மீட்டர் சரியாக இருக்கும்.

இனி ஒலி. பார்வையாளர்கள் பாதியில் எழுந்து போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உறுப்பினர்கள் இதை ஒருபோதும் உணர மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குள் நன்றாகவே கேட்கிறது. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபெல் என்றால் இரண்டு மீட்டரில் 54, நான்கில் 48, எட்டில் 42. மேலே சொன்ன அமைப்பில் தலைவருக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஒன்பது மீட்டருக்கு மேல் இருக்கும். மூடிய அறையில் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும் என்பது உண்மை, ஆனால் திரும்பி வருவது கலங்கலாக வரும். ஏசி ஓடும் அறையில் சும்மா இருக்கும்போதே 40 டெசிபெல் இரைச்சல் சர்வசாதாரணம். பேச்சு தெளிவாகப் புரிய வேண்டுமென்றால் இரைச்சலைவிட அது 15 டெசிபெல் மேலே இருக்க வேண்டும் என்பது வகுப்பறைகளுக்கு வைத்திருக்கும் அளவுகோல். கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறதல்லவா?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாயிலிருந்து ஒலி எல்லாப் பக்கமும் சமமாகப் போவதில்லை. பேசுகிறவரின் பின்பக்கத்துக்கு உயர் அதிர்வெண்கள் நன்றாகவே குறைந்துதான் வரும். ச, த, க போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்திக் காட்டுவது அந்த உயர் அதிர்வெண்கள்தான். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் இருப்பவருக்கு “ஏதோ பேசுகிறார்கள்” என்று குரல் கேட்கும், சொல் பிடிபடாது. உதட்டைப் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளவும் முடியாது. இப்படி அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் தலை வலிக்கும்.

எனவே அறை சிறியதுதான், மைக் எதற்கு என்று கேட்காதீர்கள். மைக் பார்வையாளருக்காக. இரண்டு உறுப்பினருக்கு ஒரு மேசை மைக். ஸ்பீக்கர்களை முன்னால் இரண்டு மூலையிலும் வைத்து அலறவிடுவதைவிட, பார்வையாளர் வரிசைகளுக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை மெதுவான ஒலியில் வையுங்கள். உறுப்பினர்களுக்கு இரைச்சல் தெரியாது, பார்வையாளருக்குப் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல இருக்கும். மைக்குகளுக்கும் அந்த ஸ்பீக்கர்களுக்கும் இடைவெளி இருப்பதால் ஊளையிடும் தொல்லையும் குறையும். தரையில் கம்பளம், ஒரு சுவருக்கு கனமான திரை, இவை இரண்டும் எதிரொலியை அடக்கும். பேச்சுக்கான சிறிய அறைகளில் ஒலி அடங்கும் நேரம் 0.6 நொடிக்குள் இருப்பது நல்லது. அளக்கக் கருவி இல்லையென்றால் அறை நடுவில் நின்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஓசை தொங்கினால் திரை வேண்டும். செவித்துணைக் கருவி அணிந்தவர்களுக்கான காந்த வளையக் கம்பி பதித்த அறையாக இருந்தால், அந்த வளையம் மேசையை மட்டும் சுற்றுகிறதா, பார்வையாளர் பகுதியையும் சேர்க்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மேசையை மட்டும்தான் சுற்றியிருக்கும்.

ஸ்கிரீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தூரத்தில் இருப்பவருக்கு எழுத்து படிக்கச் சிரமம். ஒன்றரை மீட்டர் உயரப் படம் என்றால் ஒன்பது மீட்டர். படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டருக்குக் கீழே இறங்கினால் தலைகள் மறைக்கும். அதில் எப்போதும் ஒரு மூலையில் இப்போது நடக்கும் நிகழ்ச்சிநிரல் எண் தெரியட்டும். நடுவில் வந்தவர் எங்கே இருக்கிறோம் என்று யாரையும் கேட்க வேண்டியிராது.

பெயர்ப் பலகைகள் உறுப்பினர்களுக்குத் தேவையே இல்லை, அவர்களுக்குத்தான் ஒருவரையொருவர் தெரியுமே. அவை பார்வையாளருக்காக. மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் எழுத்து என்பது அறிவிப்புப் பலகைக்காரர்களின் கணக்கு. அதன்படி ஒன்பது மீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர் வேண்டும். மடித்த அட்டையில் அவ்வளவு பெரிய எழுத்தில் முழுப்பெயர் அடங்காது. அதனால் அட்டையில் பெயரின் முதல் பகுதி மட்டும் பெரிதாக இருக்கட்டும். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்ற சிறு வரைபடத்தை நிகழ்ச்சிநிரலின் பின்பக்கம் அச்சிட்டு ஒவ்வொரு பார்வையாளர் நாற்காலியிலும் வையுங்கள். இதுவரை சொன்னதிலேயே மலிவானது இதுதான், வந்தவர் முகத்தில் உடனே மாற்றம் தெரிவதும் இதில்தான்.

தடுப்புகள் பற்றி யாராவது கேட்பார்கள். கயிறு கட்டலாமா, கண்ணாடி வைக்கலாமா என்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் பெண் பார்வையாளர்கள் ஒரு காலத்தில் கனத்த உலோகக் கிராதிக்குப் பின்னால்தான் உட்கார வேண்டியிருந்தது. 1908 அக்டோபரில் வாக்குரிமை கேட்ட பெண்கள் இருவர் அந்தக் கிராதியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அவர்களை அகற்றக் கிராதியையே பெயர்த்தெடுத்து, அதோடு சேர்த்து அவர்களை வெளியே கொண்டுபோக வேண்டிவந்தது. கிராதிக்கு நிரந்தரமாக விடைகொடுத்தது 1917இல். அதே அவையில் 2004இல் பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு வந்தது. அந்த ஆண்டு மே மாதமே பிரதமர் டோனி பிளேர் மீது ஊதாப் பொடியை வீசினார்கள், கண்ணாடிக்கு முன்னால் இருந்த விருந்தினர் இருக்கைகளிலிருந்து. நாடாளுமன்றங்களுக்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இருபது பேர் கூடும் குழுவுக்கு அது தேவையில்லை. மேசையின் வாய்ப்பக்கத்துக்கும் முதல் வரிசைக்கும் இடையே உள்ள இரண்டு மீட்டர் வெறுந்தரையே எல்லையைச் சொல்லிவிடும்.

கண்ணாடிக் கட்டிடங்கள் மீதும் எனக்குப் பெரிய மயக்கமில்லை. பெர்லினில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1999இல் திறந்த குவிமாடத்தில் நடந்துகொண்டே கீழே ஜெர்மன் நாடாளுமன்ற மண்டபத்தை எட்டிப் பார்க்கலாம். அழகான ஏற்பாடுதான். ஆனால் விவாதத்தைப் பின்தொடர வேண்டுமென்றால் மண்டபத்துக்குள் இருக்கும் பார்வையாளர் இருக்கைக்குத்தான் போக வேண்டும். கண்ணில் படுவதும் புரிவதும் ஒன்றல்ல. உங்கள் அறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கப் பணம் இருந்தால் அதை மைக்குகளுக்குக் கொடுங்கள்.

வீல்சேரில் வருகிறவருக்குக் கடைசி வரிசையின் ஓரத்தைக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. முதல் வரிசையிலும் நடுவரிசையிலும் ஒவ்வொரு நாற்காலியை எடுத்துவிட்டு இடம் விடுங்கள். அமெரிக்காவின் 2010 அணுகல்தரம் ஓர் இடத்துக்குச் சுமார் 91 சென்டிமீட்டர் அகலமும் 122 சென்டிமீட்டர் நீளமும் கேட்கிறது, கதவில் 81 சென்டிமீட்டருக்குக் குறையாத திறப்பும். வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்பதால் அந்த நீளத்துக்கு இடம் வரிசை முனையில் நடைபாதையை ஒட்டித்தான் கிடைக்கும். துணைக்கு வந்தவருக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி இருக்க வேண்டும்.

எழுதிக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு மேசை போடுங்கள். பார்வையாளர் பகுதியின் ஒரு பக்கத்தில், ப்ளக் பாயிண்டுக்கு அருகில். செய்தியாளர்களுக்கு இயன்றவரை வசதி செய்துதர வேண்டும் என்று பிரிட்டனில் 1960ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதை மசோதாவாகக் கொண்டுவந்து, அவையில் தன் கன்னிப்பேச்சையும் அதற்காகவே பேசியவர் அப்போது புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர். கேமரா வைத்து ஒளிபரப்புவதாக இருந்தால் அதைப் பார்வையாளர்களின் பின்னால், மேசையை நோக்கி வையுங்கள். முகம் படத்தில் வர விரும்பாதவர் எங்கே உட்காரலாம் என்று ஒரு பகுதியைக் குறித்தும் காட்டிவிடுங்கள்.

பார்வையாளர்களுக்குப் பேச நேரம் தருவதாக இருந்தால், அவர்களுக்கான மைக் நடுநடைபாதையில், முதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கட்டும். மேசைக்கு முன்னால் வந்து உறுப்பினர்களைப் பார்த்து நின்று பேசச் சொன்னால் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல் ஆகிவிடும். வாய்ச்சவடால்காரர்கள் மட்டும் வருவார்கள், மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மைக் ஸ்டாண்டு உயரம் மாற்றக்கூடியதாக இருக்கட்டும், உட்கார்ந்தே பேசுகிறவருக்குக் கையில் கொடுக்க ஒரு வயர்லெஸ் மைக்கும் இருக்கட்டும். இணையத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். கூட்டங்களில் நடைபாதை மைக்குக்கு வரிசையில் நின்று, பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் பேசுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அங்கே உறுப்பினர் என்ற பிரிவே கிடையாது என்பதால் அது அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் வரிசை கண்ணுக்குத் தெரிவதால் யார் முறை அடுத்தது என்ற சச்சரவு வராது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

நாற்காலி எண்ணிக்கையில் ஒரு சபலம் வரும். நிறையப் பேர் வரட்டும் என்று நூறு நாற்காலி போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு பேர் வந்தால் அத்தனை பேரும் கடைசி இரண்டு வரிசையில் சிதறி உட்காருவார்கள், மேலே சொன்ன தூரக் கணக்கெல்லாம் வீணாகும். வழக்கமாக வருகிறவர்களைவிட நாலைந்து கூடுதலாகப் போடுங்கள். மீதியைக் கதவோரம் அடுக்கிவையுங்கள், தேவைப்பட்டால் எடுத்துப் போட ஓர் ஆளையும் நியமியுங்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சோதனை. கடைசி வரிசை ஓர நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இன்னொருவரை மேசையின் மிகத் தூரமான இருக்கையில் உட்காரவைத்து, தலையைக் குனிந்து ஒரு தாளைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள், குழுக் கூட்டங்களில் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறார்கள். ஏசி ஓடட்டும். நீங்கள் கேட்டதை எழுதுங்கள். எழுதியதில் ஓட்டை விழுந்தால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், அல்லது கடைசி வரிசையைக் கழித்துவிடுங்கள்.

ஒன்று பாக்கி. நீங்கள் இப்படி மாற்றி வைத்த அறை அடுத்த கூட்டத்துக்கு இப்படியே இருக்காது. இடையில் வேறு யாராவது அறையைப் பயன்படுத்துவார்கள், துப்புரவுப் பணியாளர்கள் தரை துடைக்க எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்குவார்கள், மறுபடி போடும்போது பழைய பழக்கப்படி போடுவார்கள். நாற்காலி எண்ணிக்கையும் தூரங்களும் எழுதிய வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டு உள்பக்கம் கதவில் ஒட்டுங்கள். பார்வையாளர் இருக்கையிலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தையும் அதோடு சேருங்கள். மேசைக் கால்கள் வரும் இடங்களில் தரையில் சிறு டேப் துண்டுகள் ஒட்டிவிட்டால், அறையைத் தயார்செய்பவர் அளக்காமலே போட்டுவிடுவார்.